சீப்பு ஜெல்லி எந்தக் கிளை, நான் எந்த வகையறா

என் கல்யாணம் ஒரு வகைப்பாட்டுச் சிக்கலில் நின்றுபோய், இன்னொரு வகைப்பாட்டு வாதத்தில் நடந்தேறியது. இதைச் சொன்னால், விலங்கியல் நடத்தி நடத்தி எதையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறாய் என்று தோழிகள் கிண்டல் செய்கிறார்கள். பார்த்தால் என்ன தப்பு? வேறு கண்ணோடு பார்த்திருந்தால் இன்றைக்கு என் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன்.

அப்போது நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் இருந்தேன், இப்போதும் அங்கேதான். வீடு ஸ்ரீரங்கத்தில். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா, அம்மா, நான். காலையில் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய், சாயங்காலம் அதே பாலத்தைத் தாண்டித் திரும்புகிற வாழ்க்கை. கடலோடு எனக்குள்ள உறவு புத்தகத்தோடு சரி. என் வீட்டுக்காரர் அப்போதுதான் எங்கள் துறைக்குப் புதிதாக வந்து சேர்ந்தார். லால்குடிக்காரர், விவசாயக் குடும்பம். கடலோரத்தில் ஓர் ஆய்வகத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, அப்பா காலமானதும் அம்மாவுக்குத் துணையாக ஊர் திரும்பியவர். சீப்பு ஜெல்லியை உயிரோடு பார்த்திருந்த ஒரே ஆள் எங்கள் துறையில் அவர்தான். அதில் அவருக்கு ஒரு மிதப்பும் உண்டு.

வந்த வாரமே சண்டை. பாடத்திட்டத்தைத் திருத்த உட்கார்ந்தோம். விலங்குகளில் எதை முதல் பாடமாக வைப்பது என்று பேச்சு வந்தது.

"கடற்பஞ்சுலேர்ந்து ஆரம்பிக்கலாம் மேடம். நரம்பு இல்ல, தசை இல்ல, வாய்கூட இல்ல. ரொம்ப எளிமையானது. அதுதான் மொதல்ல பிரிஞ்ச கிளை."

"எளிமையா இருந்தா மொதல்ல பிரிஞ்சதுன்னு யார் சார் சொன்னா? சீப்பு ஜெல்லிதான் மொதல்ல பிரிஞ்சது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கடலைப் பார்க்காத ஒருத்தி கடல் பிராணிக்கு வக்காலத்து வாங்குகிறாளே என்ற பார்வை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கேன்டீனுக்கு எழுந்து போனவர்கள் பஜ்ஜி ஆறும்வரை வாதாடினோம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சீப்பு ஜெல்லி என்பது கடலில் மிதக்கிற, கண்ணாடி மாதிரி உடம்புள்ள ஒரு பிராணி. உடம்பின் நீளத்துக்கு எட்டு வரிசைச் சீப்புகள். அந்தச் சீப்புப் பற்களை அடித்து அடித்துத்தான் நீந்தும். அடிக்கும்போது வெளிச்சம் பட்டால் வரிசை வரிசையாக வானவில் ஓடும். ஜெல்லி மீனைப் போலவே இருப்பதால் ரொம்ப காலம் இரண்டையும் குழியுடலிகள் என்று ஒரே கூட்டத்தில் போட்டு வைத்திருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் சம்பந்தமே இல்லை. ஜெல்லி மீன் கொட்டும். சீப்பு ஜெல்லி கொட்டாது, பசையால் ஒட்டிப் பிடிக்கும். ஒன்று உடம்பைச் சுருக்கிச் சுருக்கி நீந்தும்; மற்றது சீப்பால் துழாவும். வழவழவென்று கண்ணாடியாக இருப்பது மட்டும்தான் பொது. அதை வைத்து உறவு சொல்ல முடியாது என்று தெரிந்துகொள்ளவே விஞ்ஞானத்துக்கு இத்தனை காலம் ஆனது.

இப்போதைய சண்டை வேறு. மற்ற எல்லா விலங்குகளிடமிருந்தும் முதலில் தனிக்குடித்தனம் போனது யார், கடற்பஞ்சா, சீப்பு ஜெல்லியா? என் கட்சி சீப்பு ஜெல்லி. என் பெரிய ஆயுதம் குரோமோசோம்கள். சில மரபணுக் கூட்டங்கள் விலங்குகளின் ஒற்றைச் செல் உறவினர்களிடத்தில் தனித்தனியே இருக்கின்றன. சீப்பு ஜெல்லியிலும் அப்படியே தனித்தனியே. ஆனால் கடற்பஞ்சிலும் நம்மிலும் மற்ற எல்லா விலங்குகளிலும் அவை ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. சாதத்தில் குழம்பை ஊற்றிப் பிசைந்துவிட்டால் மறுபடி பிரித்து எடுக்க முடியுமா? பிசையாமல் இருப்பவர் பிசைவதற்கு முன்பே பந்தியிலிருந்து எழுந்து போனவர் என்றுதானே அர்த்தம்?

"சரி மேடம். சீப்பு ஜெல்லிக்கு நரம்பு இருக்கே. அது மொதல்ல பிரிஞ்சிருந்தா, பின்னாடி வந்த கடற்பஞ்சோட நரம்பு எங்க போச்சு?"

"தொலைச்சிருக்கும் சார். ஒரே எடத்துல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு நரம்பு எதுக்கு? இல்லாட்டி சீப்பு ஜெல்லி தனியா தனக்குன்னு ஒண்ணு உண்டாக்கியிருக்கும்."

"தொலைச்சுது, தொலைச்சுதுன்னா எத வேணா சொல்லலாமே. இல்லாததைப் பாத்தா, எப்பவுமே இல்லன்னு எடுத்துக்கறதுதான் நியாயம்."

"இல்லாததெல்லாம் எப்பவுமே இல்லாததாயிடுமா? உங்க தலையில முன்னாடி முடி இல்ல. பொறந்தப்பவே இல்லையா?"

அந்த நிமிஷத்தில் அவர் சிரித்த சிரிப்புக்குத்தான் நான் விழுந்தேன். தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாதத்தில் தோற்றால் முறைக்கிற ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தோற்றதை ரசித்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் தோற்கவில்லை, இன்றுவரை கடற்பஞ்சுக் கட்சிதான், அது வேறு விஷயம்.

பிறகு ஒரு லீவு முடிந்து வந்தவர், திங்கட்கிழமை காலையில் துறை வாசலில் ஒரு தண்ணீர் கேனோடு நின்றார். எனக்குக் காட்ட வேண்டும் என்று, கடற்கரையிலிருந்து ஒரு சீப்பு ஜெல்லியைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கேனைத் திறந்து பார்த்தால் வெறும் தண்ணீர். அவ்வளவு மெல்லிய பிராணி, பஸ் குலுக்கலில் புதுக்கோட்டை தாண்டும் முன்பே கரைந்துபோயிருக்கும். அவர் முகம் வாடிவிட்டது. நான் கேனுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு சார்" என்றேன். அவர் கேனை மெதுவாக மூடினார். பிறகு, "வீட்ல வந்து பேசச் சொல்லட்டுமா மேடம்?" என்று கேட்டார். நான் சரி என்றேன். வேறு எதையும் யோசிக்கவே தோன்றவில்லை. அன்றைக்கு வகுப்பில் மண்புழு நடத்த வேண்டியவள் தவளையை நடத்திவிட்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் அம்மாவும் பெரியப்பாவும் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்தார்கள். அவருக்கு அப்பா இல்லாததால் அந்த வீட்டில் எந்த முடிவும் பெரியப்பா வாயிலிருந்துதான் வரவேண்டும். வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல், நல்ல மனிதர். கேசரியைப் பாராட்டினார். என் சம்பளத்தைக் கேட்கவில்லை. எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. கேசரியை இரண்டாவது முறை அள்ளியபடி அப்பாவிடம் கேட்டார்.

"உங்களுக்குக் குலதெய்வம் எங்கங்க?"

அப்பா சொன்னார். லால்குடி தாண்டி, வாய்க்கால் கரையில் இருக்கிற சின்னக் கோயில். பெரியப்பா தட்டைக் கீழே வைத்தார்.

"அது எங்க சாமியாச்சே."

எங்கள் பக்கத்தில் இது தெரியாத குழந்தை கிடையாது. ஒரே குலதெய்வம் என்றால் ஒரே வம்சம், பங்காளிகள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. பெண் எடுப்பது, கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"பங்காளியா போயிட்டீங்க. நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சுது" என்று பெரியப்பா எழுந்தார். அவர் அம்மா என் கன்னத்தைத் தடவி, மகனைப் பார்த்து, "போகட்டும்டா. உனக்குத்தான் தங்கச்சி இல்லன்னு இருந்துச்சு" என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, அடுக்களைக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் துறையில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க மேடம்" என்றார். அந்த மேடத்தைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. தங்கச்சி இல்லை, இன்னும் மேடம்தான்.

"இந்த ஆளைத்தான் கட்டிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். உங்க பெரியப்பா சொன்னா விட்டுருவேனா?" என்றேன். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், எதிரில் இருப்பது அந்த ஆள் என்று உறைத்தது. அவருக்குக் காது சிவந்துவிட்டது.

வெள்ளைப் பலகையில் இரண்டு குடும்பங்களையும் கிளை கிளையாக வரைந்தோம். ஒரே ஒரு பண்பு பொதுவாக இருக்கிறது, குலதெய்வம். அதை வைத்து இரண்டையும் ஒரே கூட்டத்தில் போட்டாயிற்று. கண்ணாடி உடம்பைப் பார்த்து ஜெல்லி மீனையும் சீப்பு ஜெல்லியையும் ஒன்றாகப் போட்ட அதே கதை. சாமி வேறு வழியிலும் ஒரு குடும்பத்துக்கு வரலாமே? அப்படியானால் பங்காளிக்கு உரிய வேறு பண்பு எங்களிடம் இருக்கிறதா?

யோசிக்க யோசிக்க எனக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் அந்தக் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைப்போம். அப்பாவுக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குத் திருவிழா. உள்ளே அவ்வளவு இடம் காலியாகக் கிடக்கும். எங்கள் வீட்டு அடுப்பு மட்டும் மதிலுக்கு வெளியே, புளியமரத்தடியில். சின்ன வயசில் வெயிலில் நின்று எரிச்சலோடு கேட்டிருக்கிறேன். "உள்ள புகைம்மா. எங்கப்பா இங்கதான் போடுவாரு" என்பார் அப்பா. வானமே கூரையாக இருக்கிற இடத்தில் என்ன புகை? உள்ளே அடுப்பு மூட்டுகிற உரிமை பங்காளிகளுக்கு மட்டும்தான் என்றால்? எங்களுக்கு அது எப்போதுமே இல்லை என்றால்?

அவர் குதித்துக்கொண்டு போய்ப் பெரியப்பாவிடம் சொன்னார். மறுநாள் திரும்பி வந்தவர், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"உள்ள அடுப்பு பங்காளிக்குத்தான், அது சரின்னாரு. ஆனா, பங்காளிச் சண்டையில கோவிச்சுக்கிட்டு வெளிய போயிருப்பாங்களாம். உரிமை இருந்துச்சாம், தொலைச்சுட்டீங்களாம். இல்லாததெல்லாம் எப்பவுமே இல்லாததாயிடுமான்னு கேக்கறாரு மேடம்."

அது என் வாதம். கடற்பஞ்சு நரம்பைத் தொலைத்தது என்று ஊரெல்லாம் சண்டை போட்டவள் நான். இப்போது கல்யாணம் நடக்க வேண்டுமென்றால், இல்லாதது எப்போதுமே இல்லை என்று கடற்பஞ்சுக் கட்சியில் சேர வேண்டும். அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டீயைத் தலையில் ஊற்றலாமா என்று இருந்தது எனக்கு.

சிரித்து முடித்த பிறகு அவரே உபகாரமாக ஒன்று சொன்னார். சீப்பு ஜெல்லிகளையே முன்பு உணர்கொம்பு உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது, கொம்பில்லாதது கொம்புள்ள கூட்டத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. கொம்பைத் தொலைத்த வகை அது. "அதனால வெறும் 'இல்ல'ங்கறத வெச்சு ரெண்டு கட்சியுமே ஜெயிக்க முடியாது மேடம். பிசைஞ்ச சாதம் மாதிரி ஒண்ணு வேணும். ஒரு தடவை நடந்துட்டா மாத்த முடியாத மாதிரி."

சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அது கிடைத்தது. உருமால். எங்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்தால், கருமாதியன்று கொள்ளி வைத்த மகன் தலையில் புதுத்துணியால் உருமால் கட்டுவார்கள். கட்டுகிறவர் தாய்மாமன், அவர் இல்லாவிட்டால் மாமன் முறையில் ஒருவர். பங்காளி கட்டவே முடியாது. அவனுக்கும் அதே தீட்டு, அவன் தலையும் மொட்டை. எந்தக் கோபத்திலும் எந்தச் சண்டையிலும் இதை மட்டும் மாற்ற மாட்டார்கள். அவர் தாத்தா இறந்தபோது மூத்த மகனான பெரியப்பாவுக்கு உருமால் கட்டியது யார்? எங்கள் வகையறா ஆள் யாராவது கட்டியிருந்தால் நாங்கள் பங்காளி இல்லை. வேறு யாராவது என்றால் என்னிடம் சொல்ல இனி ஒன்றும் கிடையாது.

அவரிடம் சொன்னேன். "தாத்தா செத்தப்ப நான் பொறக்கவே இல்ல மேடம். பெரியப்பாவைத்தான் கேக்கணும். நான் கேட்டா அடிக்க வருவாரு."

"நான் கேக்கறேன்."

மாசி மாதம் கோயில் பொங்கலுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் எல்லாரும் கூடுகிற நாளிலேயே போக வேண்டும் என்று அப்பாவைப் பிடிவாதமாக இழுத்துப் போனேன். லால்குடி பஸ்ஸில் வழியெல்லாம் அவர், "வேணாம்மா, பெரியவங்ககிட்ட எதையாவது கேட்டு வெக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழக்கம்போலப் புளியமரத்தடியில் மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றினோம். உள்ளே அவர்கள் கூட்டம். மதிலுக்கு மேலே அவருடைய வழுக்கை அடிக்கடி எட்டிப் பார்த்தது.

எதிர்பாராத ஆபத்து பெரியப்பாவின் நல்ல மனசிலிருந்து வந்தது. எங்களைப் பார்த்ததும் வெளியே வந்து, அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, பங்காளி வெளிய நிக்கறதாவது? என்னைக்கோ நடந்த சண்டை. இன்னையோட போகட்டும். அடுப்பை உள்ள கொண்டாங்க."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு பானையைத் தூக்கக் குனிந்தே விட்டார். அந்தப் பானை மதிலைத் தாண்டினால் நான் தங்கச்சி. அடுப்புக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பட்டுப் புடவையில் கரி பட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடுப்பு நகராதுப்பா."

பெரியப்பா திகைத்து நின்றார். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதானே பிரச்சினையே. பெரியப்பா என்றால் தோற்றேன். மாமா என்றால் அதிகப்பிரசங்கி.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. உங்கப்பா கருமாதியில உங்களுக்கு உருமா கட்டினது யாரு?"

சாமி கும்பிட வந்த இடத்தில் சாவுப் பேச்சு. உள்ளேயிருந்து வந்த பெண்கள் சத்தம் நின்றுவிட்டது. மதிலுக்கு மேலே தெரிந்த வழுக்கை அசையவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. அவர் கை தானாகத் தலைக்குப் போனது.

"எனக்குத் தாய்மாமன் கெடையாதும்மா" என்றார் மெதுவாக. "மாமன் முறையில ஒருத்தர் வந்து கட்டினாரு. கட்டிட்டு என் தலையைப் புடிச்சுக்கிட்டு, நான் இருக்கேன்டான்னு அழுதாரு. நல்ல ஒசரம். வலது காது கேக்காது, தலையைத் திருப்பி வெச்சுத்தான் பேசுவாரு. அந்த மாமா திருவிழாவுக்கு வருவாரு. வந்து இங்கதான், இந்தப் புளியமரத்தடியில..."

மூன்று கல்லைப் பார்த்தார். பிறகு துணியைக் கையில் சுற்றியபடி நின்ற அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்பாவும் நல்ல உயரம்.

"எடது காது" என்றார் அப்பா. "எங்கப்பாவுக்குக் கேக்காதது எடது காது."

பானை பொங்கி வழிந்தது. யாரும் குலவை போடவில்லை. பெரியப்பா என் பக்கத்தில் கிடந்த வேறொரு கல்லின் மேல் உட்கார்ந்தார். தன் தாத்தாவின் தங்கை ஒருத்திக்கு வீட்டோடு மாப்பிள்ளை பார்த்ததாகவும், அந்தப் பிள்ளைகள் அம்மா வீட்டுச் சாமியையே கும்பிட்டதாகவும் சின்ன வயசில் கேட்டிருக்கிறாராம். யார், எந்த ஊர் என்று தெரியாமலே போய்விட்டது என்றார். சாமி எங்களுக்கு அந்த அம்மா வழியாக வந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் நான் தங்கச்சியே இல்லை, முறைப்பெண். மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ தடாலென்று விழுந்தது. ஏறி நின்ற வாளியிலிருந்து அவர்தான்.

பெரியப்பா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அத்தனை பெரிய குரல் கரகரத்தது.

"மச்சான், தப்பா சொல்லிட்டேன். உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் குடுங்க."

அப்பா கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். பெரியப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்த நாளிலிருந்து அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் சிரித்தாலும் கத்தினாலும் செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டே இருந்தார். அதில் எனக்கு உள்ளுக்குள் பெரிய ஆத்திரமே இருந்தது. இப்போது கரி பூசிய புடவையோடு கீழே உட்கார்ந்திருந்த என் எதிரில் வந்து குந்தினார்.

"இருங்க மச்சான். அத இன்னும் நான் கேக்கவே இல்ல" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "உனக்கு அவரைப் புடிச்சிருக்காம்மா?"

கடற்பஞ்சுக்கும் சீப்பு ஜெல்லிக்கும் மூச்சுவிடாமல் வாதாடுகிற எனக்கு அப்போது ஒரு வார்த்தை வரவில்லை. அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் எல்லாருக்கும் கேட்கும்படி, "புடிச்சிருக்காம்" என்றார்.